வளைவில் இறுகிய ஸ்டீரிங்

என் கணவருக்கு வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. கல்யாணமாகி நாலைந்து வருஷத்தில் சுத்தமல்லி பக்கம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார். தோளுக்குள் ஏதோ நரம்பு இழுத்து அறுந்துவிட்டது. விரல்கள் பிடிக்கும். பேனா பிடித்து எழுதுவார், சட்டைப் பொத்தான் போட்டுக்கொள்வார். ஆனால் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கப் போனால் அந்தக் கை வெறுமனே தொங்கும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியக்கூடாது என்பதில் அவர் கண்ணும் கருத்துமாக இருந்தார். கல்யாண வீடுகளில் யாராவது குலுக்குவதற்குக் கையை நீட்டினால் முந்திக்கொண்டு கும்பிட்டுவிடுவார்.

அவருக்குப் பம்புசெட் மோட்டார் வியாபாரம். கடை பாளையங்கோட்டையில் இருந்தது, ஆனால் வியாபாரம் கடையில் நடக்காது. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், ஆழ்வார்குறிச்சி என்று ஊர் ஊராகப் போய், கிணற்றடியில் நின்று பேசினால்தான் ஒரு மோட்டார் விற்கும். விழுந்த பிறகு ஸ்கூட்டர் ஓட்ட முடியவில்லை. பஸ்ஸில் போய்ப் பார்த்தார். தோட்டங்கள் எல்லாம் பஸ் நிற்கிற இடத்திலா இருக்கின்றன? கொஞ்ச நாளில் போவதை நிறுத்திவிட்டார். ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தேன். ஷிப்ட் முடிந்து வரும்போது, போகையில் எந்த நாற்காலியில் இருந்தாரோ அதே நாற்காலியில் இருப்பார்.

அப்போதுதான் அந்தக் கார் வந்தது. தூத்துக்குடியில் துறைமுகத்தை ஒட்டிக் குடியிருந்த அவருடைய சிநேகிதர் ஒருவர் வெளிநாட்டுக்கே போய்விடுவதாக இருந்தார். அவரிடம் பழைய ஜப்பான் கார் ஒன்று இருந்தது. சும்மா பார்க்கத்தான் போனார். ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார். வாசலில் நிறுத்திவிட்டு, "ஏளா, இங்கன வா" என்று கூப்பிட்டு என்னை உள்ளே உட்காரவைத்து, ஆள்காட்டி விரலை மட்டும் வைத்து ஸ்டீரிங்கை ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். அது பவர் ஸ்டீரிங் வண்டி. அந்தக் காலத்தில் நம்மூர் ரோட்டில் ஓடிய கார்களைத் திருப்புவதற்குத் தோள் பலம் வேண்டும். இதில் எண்ணெய் போய் அழுத்தித் திருப்பிக் கொடுக்கும். இடது கை கியர் போடுகிற நேரத்தில் வலது கை மட்டும்தான் ஸ்டீரிங்கில் இருக்கும். அந்த நேரத்துக்கு அவருடைய வலது கை போதும் என்றால், அது அந்த வண்டியில் மட்டும்தான்.

மறுபடியும் தோட்டங்களுக்குப் போக ஆரம்பித்தார். சட்டையில் சேறு தெறிக்க வீட்டுக்கு வந்தார். நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை கடவுளிடம்.

அதனால்தான் கார் ஷெட்டுத் தரையில் ஒரு கறையைப் பார்த்ததும் அப்படியே குனிந்து உட்கார்ந்துவிட்டேன். பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி சிவப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது.

"என்னங்க, வண்டிக்கு அடியில என்னமோ ஒழுகிக் கெடக்கு."

"ஏசித் தண்ணி."

"ஏசித் தண்ணி பிசுபிசுக்குமா?"

"துருப்பிடிச்ச தண்ணி அப்படித்தான் இருக்கும். நீ போயி உன் சோலியப் பாரு."

பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பம்பில் எண்ணெய் கசிந்தால் தூரத்தில் நின்றே எந்த இடம் என்று சொல்லக்கூடியவர் அவர். அவருக்கா தெரியாது? எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியும் என்று. ஆனாலும் நான் விட்டுவிட்டேன். அந்த நாற்காலி மறுபடி நிறைந்துவிடுமோ என்கிற பயம் எனக்கும் இருந்தது. மறுநாள் பார்த்தபோது கறை இருந்த இடத்தில் மண்ணைத் தூவிக் கூட்டியிருந்தது.

ஐப்பசி மாதம். என் தம்பி மாஞ்சோலை மலையில் தேயிலை எஸ்டேட் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தான். எங்கள் அம்மா அவனோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று மேலே போயிருந்தாள். அம்மாவுக்கு இழுப்பு உண்டு. அந்தக் குளிருக்குப் போகாதே என்றேன், கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்புகிற நேரம் தம்பியிடமிருந்து போன் வந்தது. லைன் இரைந்தது.

"அக்கா, அம்மைக்கு ராத்திரியிலருந்து மூச்சு முட்டுது. இங்க ஆஸ்பத்திரியில ஊசி போட்டாச்சு. இப்பக் கொஞ்சம் தேவல. ஆனா குளுரு ஆகாது, கீழ கொண்டுபோயிருங்கன்னு சொல்லுதாவ. ரோட்டுல மரம் விழுந்து பஸ்ஸு வரல. இப்பதான் மரத்த எடுத்திருக்காவ. அத்தான வண்டி எடுத்துட்டு வரச் சொல்லு."

நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

"வாடகைக் கார் ஒண்ணு பிடிச்சிருவோமா?" என்றேன்.

கேட்டிருக்கக்கூடாது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நம்ம வீட்டு வாசல்ல வண்டி நிக்கும்போது வாடகைக் கார் என்னத்துக்கு? நான் ஓட்ட மாட்டேனா?"

கிளம்பினோம். கல்லிடைக்குறிச்சி தாண்டினோம். மணிமுத்தாறு அணையைக் கடந்து, செக்போஸ்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு மலையேறத் தொடங்கினோம். சாயங்காலம் கேட்டை அடைப்பதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று அங்கிருந்த காவலர் சொன்னார்.

அருவி தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தபோது வண்டியின் முன்னால் இருந்து ஒரு முனகல் வந்தது. பசியெடுத்த கன்றுக்குட்டி கத்துவது மாதிரி. அடுத்த வளைவிலும் அதே சத்தம். அதற்கடுத்ததில் இன்னும் உரக்க. அவர் நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் வியர்த்திருந்தது. குளிர்ந்த காற்று ஜன்னல் வழியாக வந்துகொண்டிருக்கும்போது வியர்த்திருந்தது.

கொஞ்சம் அகலமான இடத்தில் ஓரங்கட்டினார். இறங்கி, தன் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு டின்னை எடுத்தார். பானட்டைத் திறந்து எதிலோ ஊற்றினார். நானும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். அதே சிவப்பு எண்ணெய். டின்னைக் கவிழ்த்து உதறியும் கடைசியில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

"எம்புட்டு நாளா இப்படி?"

காலி டின்னின் மூடியைத் திருகினார்.

"உங்களத்தான் கேக்கேன்."

"ரெண்டு மாசம் இருக்கும். முதல்ல பைய கசிஞ்சுது. இப்பக் கொஞ்சம் கூட."

"பட்டறையில காட்டுனா என்ன?"

"காட்டுனா?" என்று என் பக்கம் திரும்பினார். "பிரிச்சுப் போட்டுருவான். இந்த வண்டிக்குச் சாமான் கெடைக்காது. மாசக்கணக்குல கெடக்கும். அதுவரைக்கும் நான் என்ன செய்ய? வீட்டுல உக்காந்து மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

"அதுக்காக இந்த மலையில..."

"உங்க அம்மைக்குத்தானே வந்திருக்கேன்."

 கீழே பள்ளத்தில் அருவிச் சத்தம் கேட்டது. திரும்பிப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மேலே அம்மா மூச்சுக்குத் தவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்முன்னே வந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

மாஞ்சோலை போய்ச் சேரும்வரை வேறு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவைத் தம்பியும் நானும் தாங்கிப் பிடித்துப் பின் சீட்டில் உட்காரவைத்தோம். படுக்க முடியவில்லை அவளால். முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் விசில் அடித்தது. தம்பிக்கு அன்று ஆபீசை விட்டு வர முடியாத நிலை. போர்வையும் ஒரு பையும் கொடுத்து, "பாத்துப் போங்க அத்தான்" என்றான். வண்டியின் கோளாறை அவனிடம் சொல்லாமல் ஏறிக்கொண்டேன்.

இறக்கம் தொடங்கியது. மேகம் ரோட்டுக்கு வந்துவிட்டிருந்தது. அவர் கியரைக் குறைத்து மிக மெதுவாக இறக்கினார். வளைவுக்கு வளைவு அந்த முனகல் பெரிதாகிக்கொண்டே வந்தது. அம்மாவின் மூச்சுச் சத்தமும் வண்டியின் சத்தமும் ஒன்றுக்கொன்று போட்டி போடுகிற மாதிரி இருந்தது. நான் இரண்டையும் எண்ணாமல் இருக்க முயன்றேன்.

இடப்பக்கமாக ஒடிக்க வேண்டிய ஒரு கொண்டை ஊசி வளைவு. நேரே எதிரில் குட்டைச் சுவர், அதற்கப்பால் வெறும் வெள்ளை மேகம். அவர் இடது கையால் கியரை மாற்றிக்கொண்டே வலது கையால் ஸ்டீரிங்கைத் திருப்பினார். முன்னால் 'பட்'டென்று ஒரு சத்தம். பானட் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. எண்ணெய் தீய்கிற நாற்றம். அவர் வலது கை ஸ்டீரிங்கில் இருந்தது, ஸ்டீரிங் அசையவில்லை. இடது கையையும் கொண்டுவந்து இழுத்தார். கொஞ்சம்தான் திரும்பியது. வண்டி நேராகச் சுவரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"பிடி! ஏளா, பிடி! ஒன் பக்கம் கீழ இழு!"

நான் இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துத் தொங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். காலை எங்கேயோ உதைத்துக்கொண்டு இழுத்தேன். அது பாறையில் பதித்த மாதிரி இருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவர் பிரேக்கை அழுத்தியிருந்தார். ஈர ரோட்டில் டயர் வழுக்கி, வண்டி குறுக்காகத் திரும்பி நின்றது. என்ஜின் அணைந்தது. முன் பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான் இடம்.

 அவர் கைப்பிரேக்கை இழுத்துப் போட்டார். பிறகு அப்படியே நெற்றியை ஸ்டீரிங்கில் வைத்துக்கொண்டார். வலது கை மடியில் விழுந்து கிடந்தது. 

பின்னாலிருந்து அம்மா, "மாப்பிள்ளைக்கு... அடி ஒண்ணும்... படலயே?" என்று விட்டு விட்டுக் கேட்டாள்.

இறங்கி டயர்களுக்குக் கல் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. தேயிலைப் பெட்டி ஏற்றிய லாரி ஒன்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வண்டி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதால் அவர்களும் நின்றார்கள். டிரைவர் நடுத்தர வயது. கூட லோடுமேன் ஒருத்தர். இரண்டு பேரும் வந்து பார்த்துவிட்டு, வேறு பேச்சில்லாமல் வண்டியைத் தள்ளி மலைப்பக்கம் ஒதுக்கினார்கள். ஸ்டீரிங்கை ஒடிக்க என் கணவரோடு சேர்ந்து நானும் இழுத்தேன். டிரைவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு என்னிடம் வந்தார். "அக்கா, நீங்க அம்மையக் கூட்டிட்டுப் போறத உங்க தம்பி ஆபீஸ்ல சொன்னாரு, அவர எனக்கு நல்லாத் தெரியும். அம்மைய லாரியில ஏத்திருங்க. முன்னால உக்கார வச்சு அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் போறேன். நீங்களும் ஏறுங்க. அண்ணாச்சி வண்டியப் பூட்டிட்டு ஏறட்டும். இதுக்கு அப்புறம் பாத்துக்கிடலாம்."

"கேபினுக்குள்ள எத்தனை பேரு இருக்க முடியும்?" என்றார் என் கணவர்.

"லோடுமேன் பின்னால ஏறிக்கிடுவாரு. அம்மையும் இன்னொரு ஆளும் தாராளமா வரலாம்."

இன்னொரு ஆள். நான் இரண்டு பேரையும் பார்த்தேன். அம்மா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். உதடு நிறம் மாறியிருந்தது. அவர் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். அந்த முதுகு எனக்குத் தெரியும். வண்டியை விட்டுவிட்டு வர மாட்டார். ஒற்றைக் கையோடு அதை எப்படியாவது கீழே இறக்கப் பார்ப்பார்.

"நீங்களும் லோடுமேன் கூடப் பின்னால ஏறுங்க" என்றேன்.

"நீ அத்தைகூடப் போ. நான் சரிபண்ணிட்டு வாரேன்."

"எப்படி?"

"போன்னு சொல்லுதேன்லா."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. அம்மா பக்கம் திரும்பி, "வா, போலாம்" என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் நகரவில்லை. மூச்சை இழுத்து, நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நீ... அவருகூட இருந்து வா. எனக்கு... மூச்சு விடத் தெரியும்."

அவளே லாரியைப் பார்த்து நடந்தாள். லோடுமேன் தூக்கிவிட, டிரைவர் உள்ளேயிருந்து கையைப் பிடித்து ஏற்றினார். போர்வையைச் சுற்றிவிட்டேன். கதவைச் சாத்துவதற்கு முன் டிரைவர் என் கணவரிடம் ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். "பிரேக் ஆயில் இருக்கு அண்ணாச்சி. இத ஊத்திக்கிடுங்க."

"வேண்டாம் வே. பிரேக் ஆயில் ஊத்துனா உள்ள இருக்க ரப்பரெல்லாம் ஊதிப்போயிரும்."

"இந்த நேரத்துல ரப்பரப் பாத்தா முடியுமா?" என்றார் டிரைவர். எனக்கும் அதுதான் தோன்றியது. என் கணவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். லாரி போய்விட்டது. வளைவுகளில் அது கியர் மாற்றுகிற சத்தம் கீழே கீழே போய்க் கடைசியில் கேட்கவில்லை. அந்த ரோட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். அம்மாவை முன்பின் பழகாத ஒருவரோடு அனுப்பிவிட்டு நிற்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வந்து பாரு" என்றார். குரல் இறங்கியிருந்தது.

ஸ்டீரிங்கிலிருந்து எண்ணெய் திரும்பி வருகிற ரப்பர்க் குழாய், இரும்பு மூக்கில் மாட்டியிருக்கிற இடத்தில் கிழிந்திருந்தது. எண்ணெயெல்லாம் சூடான சைலன்சர் குழாய் மேல் கொட்டித் தீய்ந்துகொண்டிருந்தது. கிழிந்த நுனியை வெட்டிவிட்டு மிச்சத்தை இழுத்து மாட்ட வேண்டும், குழாயில் அதற்கு நீளம் இருக்கிறது என்றார். அவருடைய வலது கை உள்ளே நீட்டி அழுத்தாது, ஒற்றைக் கையில் அது முடியாது. குழாயைப் பிடிக்கவும் வெட்டவும் இரண்டு கை வேண்டும்.

"கத்தி இருக்கா?"

தம்பி கொடுத்த பையில் ஆரஞ்சுப் பழமும் ஒரு பேனாக் கத்தியும் இருந்தன. அவர் இடது கையால் குழாயைப் பிடித்துக்கொண்டார். நான் அறுத்தேன். கத்தி மொண்ணை. ரப்பர் வழுக்கியது. இரண்டு தடவை கத்தி நழுவி அவர் பெருவிரலுக்குப் பக்கத்தில் போயிற்று. "பரவால்ல, அறு" என்றார். வெட்டிய குழாயை மூக்கில் ஏற்றும்போது என் மணிக்கட்டு சூடான இரும்பில் பட்டுவிட்டது. கையை எடுத்தால் குழாய் நழுவிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். அவர் கிளிப்பை நகர்த்தி வைக்க, நான் திருப்புளியால் முறுக்கினேன்.

"இன்னும்."

முறுக்கினேன்.

"இன்னும் ஒரு சுத்து. போதும், போதும், ரப்பரு கிழிஞ்சிரும்."

ஊற்ற எண்ணெய் இல்லை. டிக்கியில் என்ஜின் ஆயில் டின் ஒன்று இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். ரொம்ப நாளைக்கு ஆகாது, ஆனால் இன்றைக்கு வேறு வழியில்லை, பிரேக் ஆயிலுக்கு இது எவ்வளவோ மேல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். ஊற்றினார்.

"நீ டிரைவர் சீட்டுல ஏறு."

"நானா?"

"நியூட்ரல்லதான் இருக்கு. ஸ்டார்ட் பண்ணி ஸ்டீரிங்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக்கிட்டே இரு. உள்ள இருக்க காத்து போகணும். நான் எண்ணெயப் பாக்கேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த இடத்தில் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பியதும் முன்னால் அந்தக் கன்றுக்குட்டி கதறியது. ஸ்டீரிங் அசைய மாட்டேன் என்றது. சீட்டிலிருந்து எழும்பி முழுப் பாரத்தையும் போட்டுத் திருப்பினேன். மறுபக்கம். மறுபடி இந்தப் பக்கம். எரிந்த மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. கதறல் குறைந்து முனகலாயிற்று. இன்னொரு தடவை திருப்பும்போது உள்ளங்கைக்குக் கீழே ஏதோ விட்டுக்கொடுத்தது. பாரம் சட்டென்று போய்விட்டது. ஸ்டீரிங் என் விரல்களோடு தானாக வருகிற மாதிரி சுற்றியது.

"வந்துட்டு!" என்று கத்தினேன்.

அவர் பானட்டுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "பம்புக்கிட்டயும் கசியுது. குழாய் மட்டும் இல்ல. சீக்கிரம் எறங்கணும்."

மிச்ச மலையை இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் இறங்கினோம். அவர் ஓட்டினார், நான் என் வலது கையை ஸ்டீரிங்கிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். "இடது" என்றால் கீழே இழுப்பேன். "வலது" என்றால் மேலே தள்ளுவேன். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை நின்று எண்ணெய் பார்த்தோம். ஊற்றினோம். அருவிக்கு மேலே முனகல் மறுபடி தொடங்கியபோது டின்னில் கொஞ்சம்தான் இருந்தது. செக்போஸ்ட் காவலர் கேட்டை அடைக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்துவிட்டு, "லாரியில போன அம்மா உங்க ஆளுவளா? நல்லாத்தான் இருந்தாவ, தண்ணி வாங்கிக் குடிச்சாவ" என்றார். அப்போதுதான் நான் அழுதேன்.

அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் அம்மா மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விசில் அடங்கியிருந்தது. என் மணிக்கட்டைப் பார்த்ததும், "சோறு வடிக்கும்போது சுட்டுக்கிட்டியா?" என்று கேட்டாள். அந்த மயக்கத்திலும் அவள் நினைப்பு அடுப்பங்கரையில்தான் இருந்தது. இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாடகைக் காரில்தான் கூட்டிவந்தேன். அவரே கதவைத் திறந்துவிட்டார்.

காரை ஒரு டிராக்டரில் கட்டி இழுத்து, டவுனை ஒட்டி இருக்கிற பேட்டைக்குக் கொண்டுபோனார். தொழிற்பேட்டைக்குள் அவருக்குத் தெரிந்த பட்டறை. மறுநாள் நானும் கூடப் போனேன். இனிமேல் அந்த வண்டி விஷயத்தில் எதுவும் எனக்குத் தெரியாமல் நடக்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"பம்பு சீலு போயிட்டு அண்ணாச்சி. இதுக்குச் சாமான் மெட்ராசுல கூடக் கெடைக்காது. நான் ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. இந்தப் பம்பு, குழாய் எல்லாத்தையும் கழட்டிப் போட்டுருவோம். நம்ம நாட்டு வண்டி ஸ்டீரிங் பாக்ஸ் ஒண்ணு மாட்டித் தாரேன். ஆயுசுக்கும் ஒழுகாது. கொஞ்சம் பாரமா இருக்கும், அம்புட்டுத்தான். இத்தன வருசம் நம்மாளுக பவர் ஸ்டீரிங்கிலயா ஓட்டுனாவ?"

அவர் டயரைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார். மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிடலாம். வாய்வரைக்கும் வந்தது. கல்யாண வீடுகளிலும் கடையிலும், யாராவது எதையாவது தூக்கச் சொல்கிறபோதெல்லாம், எத்தனையோ தடவை நான் முந்திக்கொண்டு ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி அவரைக் காப்பாற்றியிருக்கிறேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். பக்கத்துப் பட்டறையில் யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, கழட்டிரவா?"

"எனக்கு வலது கை தூக்காது வே" என்றார் அவர்.

மெக்கானிக்குக் காதில் சரியாக விழவில்லை. "என்னது?"

"வலது கை. தோளுல பெலன் கெடையாது. அந்த ஸ்டீரிங்க மாட்டுனா என்னால ஓட்ட முடியாது."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். மெக்கானிக் தகரச் சத்தம் ஓய்கிறவரை அங்கேயே நின்றார். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். "அண்ணாச்சி, பம்பக் கழட்டுதேன். வந்து பாருங்க."

அதன்பின் ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. எண்ணெய் வெளியே வராமல் தடுக்கிற ரப்பர் வளையமான அந்தப் பழைய சீல் கடினமாகி, விளிம்பெல்லாம் வெடித்திருந்தது. அவர் தன் கடையில் பம்புசெட்டுக்கு வைத்திருந்த சீல்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்து தரையில் பரப்பினார். ஒன்றும் சேரவில்லை. ஒன்று மட்டும் பம்பின் நடுத்தண்டுக்குச் சரியாக இருந்தது, வெளி அளவு சின்னது. அதற்கு லேத்தில் ஒரு பித்தளை வளையம் கடைந்து உட்காரவைத்தார்கள். மாட்டி, கழுவி, சிவப்பு எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்தார்கள். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மெக்கானிக் ஸ்டீரிங்கை முழுக்க ஒடிக்கச் சொன்னார். ஒடித்தவுடன் பம்பின் அடியிலிருந்து நூல் மாதிரி எண்ணெய் இறங்கியது.

மெக்கானிக் ஸ்பானரைத் தரையில் போட்டார். "போச்சு."

என் கணவர் மறுபடி பம்பைக் கழற்றச் சொல்லி, தண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் தடவினார். பழைய சீல் உரசி உரசி ஒரு பள்ளக் கோடு விழுந்திருந்தது. புது சீலின் விளிம்பும் அதே கோட்டில்தான் உட்கார்ந்திருந்தது. "கொஞ்சம் முன்னால தள்ளி வச்சா புது எடத்துல உக்காரும்லா?" என்று மெக்கானிக்கிடம் காட்டினார். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டப் பேசினார்கள். வளையத்தைக் கொஞ்சம் மாற்றிக் கடைந்தார்கள். புதுக் குழாயும் போட்டார்கள்.

இரண்டாவது தடவை ஸ்டார்ட் செய்தபோது நான் பார்க்கவில்லை. வேப்பமரத்தடிக்குப் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டது. முனகல் இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது.  கடைசியில் மெக்கானிக், "அக்கா, ஒரு பழைய பேப்பர் இருந்தா தாங்க" என்றார். கொடுத்தேன். வண்டிக்கு அடியில் விரித்துவைத்து, மறுபடியும் ஸ்டீரிங்கை இரண்டு கோடிக்கும் ஒடித்து, வெளியே இழுத்துக் காட்டினார். செய்தித்தாளில் இருந்த எழுத்துகளைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். பேட்டை தாண்டி டவுனுக்குள் நுழையும் முன்னால் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஏதோ கோளாறு என்று நினைத்து நான் கதவைத் திறக்கப் போனேன்.

"இனிமே ஒழுகுனா ஒன்கிட்ட சொல்லிருதேன்" என்றார்.

"ஒழுகலன்னாலும் சொல்லுங்க" என்றேன்.

அந்த மாதமே நான் டிரைவிங் பழகச் சேர்ந்தேன். அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு தானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார், எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டுக்கொண்டு. எனக்கு லைசென்ஸ் வந்த அன்றைக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலம் வரை போய் வந்தோம். அம்மா பின்னால் உட்கார்ந்து வழி நெடுக, "பைய போ, பைய போ" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த வண்டி அதற்குப் பிறகு பல வருஷம் எங்களிடம் இருந்தது. மலைக்கு மட்டும் நாங்கள் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை.